பக்கம் 112, ஒன்பதாவது வரி

செத்தூபல்,
6 ஜூன் 1977

மதிப்பிற்குரிய தோழர் ஜெர்வாசியு அவர்களுக்கு,

வணக்கம். 'உலைக்களம்' பத்திரிகையின் வரலாறு புத்தகமாக வரப்போகிறது என்று இரண்டு அத்தியாயங்களின் புரூஃபை அனுப்பியிருந்தீர்கள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "தேதிகளும் ஊர்ப் பெயர்களும் சரியா என்று பார்த்துச் சொல்லவும், தோழர் எர்மெலிந்தா." பார்த்தேன். தேதிகள் சரி. ஊர்ப் பெயர்கள் சரி. மற்றது எதுவும் சரியில்லை.

நலம் விசாரிப்பதை முதலில் முடித்துவிடுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். மத்தி மீன் வரத்து இந்த வருஷம் அதிகம், டப்பாத் தொழிற்சாலையில் நிற்க நேரமில்லை. வியாழக்கிழமை தோறும் ஷிப்ட் முடிந்ததும் வாசலில் நின்று நம் பத்திரிகையை விற்கிறேன். போன வாரம் எண்பது போயிற்று. உங்களுக்கு இதயக் கோளாறு, மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கிளைச் செயலாளர் பாசிலியு சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்கள் வீட்டில் இப்போது இருக்கிற அம்மாள் அதைப் பார்த்துக்கொள்வாள் என்று நினைக்கிறேன். அவளைப் பற்றி எனக்கு ஒரு பேச்சும் இல்லை. நீங்கள் பாரிசில் யாரோடு குடித்தனம் நடத்தினீர்கள் என்பது வரலாறு அல்ல.

வரலாறு என்று நீங்கள் எதை எழுதியிருக்கிறீர்களோ, அதற்கு வருகிறேன்.

பக்கம் 84-இல் ஒரு முழுப்பக்கப் படம். 'உலைக்களம்' தலைமறைவாக அச்சான காலத்தின் எழுபத்தோரு இதழ்கள். கீழே எழுதியிருப்பது: "தன் உயிரைப் பணயம் வைத்துத் தோழர் ஜெர்வாசியு பாதுகாத்த தொகுப்பு. போலீஸ் கைப்பற்றிக் கொண்டுபோன இது, 1974 ஏப்ரல் புரட்சிக்குப் பிறகு அரசியல் போலீசின் ஆவணக் கிடங்கிலிருந்து மீட்கப்பட்டது." பக்கம் 112, ஒன்பதாவது வரி: "வீட்டைக் கவனித்துவந்த தோழர் எட்டிப் பார்க்காமல் கதவைத் திறந்த அஜாக்கிரதையால் 1958 பிப்ரவரியில் அல்கொபாசா அச்சுவீடு வீழ்ந்தது."

இரண்டுக்கும் நடுவில் இருபத்தெட்டுப் பக்கம் இருக்கிறது. இருபத்தெட்டுப் பக்கத்துக்குள் எல்லோருக்கும் மறந்துவிடும் என்று நினைத்தீர்களா? எனக்கு வயிறு எரிகிறது, ஜெர்வாசியு. புரூஃபைப் படித்துவிட்டு அன்று வேலைக்குப் போனேன். மேஸ்திரி அம்மாள் "என்னடி, மீனோட சண்டை போடற மாதிரி வெட்டற" என்று கேட்டாள்.

உங்களுக்கு மறந்திருக்கலாம். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் எத்தனை மேடை, எத்தனை மாநாடு. நான் ஞாபகப்படுத்துகிறேன்.

1949-இல் பத்திரிகையை ரகசியமாக அச்சடிக்கக் கட்சி நம் இருவரையும் ஒரு வீட்டில் வைத்தது. நீங்கள் அச்சுக் கோப்பவர், நான் உங்கள் மனைவி மாதிரி. ஊருக்கு நீங்கள் மருந்துக் கம்பெனி விற்பனையாளர் கார்லோஸ், நான் தையல்காரி எமிலியா. எந்திரச் சத்தம் வெளியே கேட்காமலிருக்க நான் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வருஷம் அப்படி மிதித்தேன். பிறகு உங்கள் கண் கெட்டது. பொடி எழுத்து தெரியவில்லை. அதற்குப் பிறகு யார் கோத்தது, ஜெர்வாசியு? நீங்கள் தையல் மிஷினை மிதித்தீர்கள், நான் ஈய எழுத்தைக் கோத்தேன். ஏழு வருஷம். தலைமையிலிருந்து வரும் கட்டுரையில் 'மக்கள்' என்ற வார்த்தை இருபது தடவை வரும். அதைக் கோக்கும் அளவுக்கு நம்மிடம் எழுத்து இருக்காது. மிஞ்சிய இடத்திலெல்லாம் 'தொழிலாளர்' என்று போட்டேன். கட்சியின் கொள்கையையே நான் ஈயப் பற்றாக்குறையால் மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். உங்கள் புத்தகத்தில் நான் எங்கே என்று தேடினேன். "சமைத்தும் துவைத்தும் காவல் இருந்தும் உதவிய துணைவியர்" என்று ஒரு வரி இருக்கிறது. அதில் நானும் ஒருத்தியாம். இரண்டு அத்தியாயத்தில் எங்கேயும் என் பெயர் இல்லை.

போகட்டும். அச்சுக் கோத்தது எனக்குப் பெரிதில்லை. என் கோபம் ஒன்பதாவது வரி.

அச்சுவீட்டின் முதல் விதி உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அச்சடித்த ஒரு தாள்கூட வீட்டில் தங்கக் கூடாது. புரூஃப் தாள் அடுப்புக்குப் போக வேண்டும். பத்திரிகைக் கட்டு வெளியே போன மறுநிமிஷம் அது ஒரு தையல்காரியின் வீடாக இருக்க வேண்டும். நம் மகள் நத்தேர்சியா அந்த வீட்டில்தான் பிறந்தாள். ஐந்து வயதில் அவள் பால்காரியிடம் "எங்கப்பாவுக்கு ரெண்டு பேர்" என்று சொல்லிவிட்டாள் என்பதற்காக, அவளை உங்கள் அக்கா கிளோத்தில்தேயின் வீட்டுக்குக் கொயிம்பிராவுக்கு அனுப்பினோம். பெற்ற பிள்ளையையே வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாத வீடு அது. நான் அழுதபோது விதி விதிதான் என்றீர்கள். அப்படிச் சொன்ன நீங்கள் ஒவ்வொரு இதழிலும் ஒரு பிரதியை எனக்குத் தெரியாமல் பரண் பலகைக்குள் செருகி வைத்திருந்தீர்கள்.

அந்தப் பிப்ரவரி மழையில் கூரை ஒழுகியது. பரண் நனைந்தது. புதன்கிழமை நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, எழுபத்தோரு இதழையும் எடுத்துப் பரணில் கயிறு கட்டிக் காயப் போட்டீர்கள். வெயில் வரட்டும் என்று ஜன்னலையும் திறந்து வைத்தீர்கள். நான் திரும்பி வரும்போது பக்கத்துக் கொட்டகையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்த ஆள் வேலையை விட்டுவிட்டு நம் பரண் ஜன்னலையே பார்த்துக்கொண்டு கூரைமேல் உட்கார்ந்திருந்தான். நான் மேலே ஓடி வந்தேன். துவைத்த துணி மாதிரி வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது பத்திரிகை.

இப்போதே வீட்டைக் காலி பண்ணுவோம் என்று சொன்னேன். நீங்கள் கேட்டீர்களா? "பாதி இதழ் கோத்துக் கெடக்கு எர்மி, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிட்டுப் போயிடலாம்" என்றீர்கள். எதற்காக இதைச் சேர்த்து வைத்தாய் என்று கத்தினேன். "இதுவும் போயிட்டா நாம இங்க இருந்தோம்ங்கறதுக்கு என்ன சாட்சி" என்றீர்கள். அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு இரக்கமாகப் போய்விட்டது. அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். என்னுடைய அஜாக்கிரதை அது ஒன்றுதான். அதை வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை பால்காரி கதவைத் தட்டினாள். எட்டிப் பார்த்தேன். தினமும் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். அவள் கையில் பால் கேன் இல்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. போலீஸ்தான் அவளை முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. "இன்னைக்குப் பால் வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு உங்களைப் போகச் சொன்னேன். பின்பக்கமாகப் போனீர்கள். நான் போகவில்லை. அச்சுவீட்டில் பெண்ணின் வேலை அதுதானே, இருந்து எரிப்பது. விலாசப் பட்டியலை அடுப்பில் போட்டேன். எழுத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் கவிழ்த்தேன். அந்தப் பட்டியலில் இருந்த அறுபது பேரில் ஒருவர்கூடப் பிடிபடவில்லை. கதவை நான் திறக்கவே இல்லை, ஜெர்வாசியு. கோடரியால் பிளந்துகொண்டு வந்தார்கள். உங்களை ஆப்பிள் தோட்ட வேலியில் பிடித்தார்கள்.

பிறகு விசாரணைக் காலத்தில் ஒரு நாள் கிளோத்தில்தே கொண்டுவந்த துணியில், சட்டைக் காலருக்குள் உங்கள் சீட்டு. "கட்சில கேட்டா, பாக்காமக் கதவைத் திறந்துட்டேன்னு சொல்லு. தாள் வெச்சிருந்தது தெரிஞ்சா என்னை மறுபடி அச்சுப் பக்கமே விட மாட்டாங்க. ரெண்டு வருஷம் பொறுத்துக்கோ, நானே சரி பண்றேன்." நான் ஒப்புக்கொண்டேன். அச்சுக்காரன் கிடைப்பது கஷ்டம், வீடு பார்க்கிறவள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பழியை என் தலையில் நீங்கள் மட்டும் போடவில்லை. நானும் குனிந்து கொடுத்தேன். ராத்திரி பகலாக என்னைத் தின்பது அதுதான்.

நான்கு வருஷம் கழித்து வெளியே வந்தேன். ஒரு தோழர்கூட வீட்டுப் படி ஏறவில்லை. தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்கள். நான் கோத்த பத்திரிகையைப் பன்னிரண்டு வருஷம் எனக்குப் படிக்கக் கொடுக்க ஆளில்லை. ஏப்ரலில் ஆட்சி கவிழ்ந்து, பத்திரிகை கடையில் தொங்க ஆரம்பித்த பிறகுதான் காசு கொடுத்து வாங்கிப் படித்தேன்.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். நத்தேர்சியாவை விட முடியாது. அப்பாவை ஒன்பது வருஷம் உள்ளே வைத்தது அம்மாவின் கை என்று கேட்டு வளர்ந்தவள் அவள். இரண்டு வருஷத்துக்கு முன் ஈஸ்டருக்கு ஒரே ஒரு முறை வந்தாள். நான் வைத்த ஆட்டுக்கறியைத் தொடவில்லை. "ஒரு ஜன்னல்ல எட்டிப் பாக்க எவ்வளவு நேரம்மா ஆகும்" என்று கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். "அப்பா அப்படிச் சொல்லலியே. அவர் எழுதட்டும். அச்சுல வரட்டும். அப்ப நம்பறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். போலீஸ் கோப்பில் கதவை உடைத்தது எழுதியிருக்கும். போலீஸ்காரன் எழுத்தைக் காட்டி என் மகளிடம் நல்லவள் என்று பெயர் வாங்க எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. அவள் கேட்டது உங்கள் எழுத்தை.

புரூஃபைத் திருப்பி அனுப்புகிறேன். 112-ஆம் பக்கத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். சரி செய்யுங்கள். நீங்கள் கேட்ட இரண்டு வருஷம் எப்போதோ முடிந்துவிட்டது.

தோழமையுடன்,
எர்மெலிந்தா


செத்தூபல்,
2 செப்டம்பர் 1977

ஜெர்வாசியு,

மரியாதை போதும். நீ என்று கூப்பிட்டே எழுதுகிறேன், நான் உன்னைக் கூப்பிட்டது அப்படித்தான்.

ஜூலையில் நீ போட்ட பதில் கிடைத்தது. நான்கு வரி. "உங்கள் உணர்வு புரிகிறது. பெயர் விடுபட்டது என் தவறு, சேர்த்துவிட்டேன். மற்றதை இரண்டாம் பதிப்பில் பார்ப்போம். இந்த நேரத்தில் பழையதைக் கிளறினால் எதிரிகளுக்குத்தான் கொண்டாட்டம்." பெயர் சேர்த்துவிட்டேன் என்றதும் ஒரு நாள் முழுக்க எனக்கு மனசு இளகித்தான் இருந்தது. இவனுக்கு வயதாகிவிட்டது, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். அச்சுக் கோத்தவள் என்று ஏதாவது ஒரு மூலையில் போட்டிருப்பாய் என்று நினைத்தேன்.

நேற்றுப் பாசிலியு ஐம்பது புத்தகத்தை என் வீட்டில் இறக்கினார். கட்சியின் வெளியீட்டு விழாவுக்கு முன்பே விற்க ஆரம்பிக்க வேண்டுமாம். கிளையில் நன்றாக விற்பவள் நான்தானே. கட்டைப் பிரித்து நேராக 112-க்குப் போனேன். "தோழர் எர்மெலிந்தா எட்டிப் பார்க்காமல் கதவைத் திறந்த அஜாக்கிரதையால் 1958 பிப்ரவரியில் அல்கொபாசா அச்சுவீடு வீழ்ந்தது."

முந்நூற்று இருபது பக்கம். என் பெயர் அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

நீ வேண்டுமென்றே செய்தாயா, இல்லை நான் கேட்டது உனக்கு நிஜமாகவே புரியவில்லையா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். வேண்டுமென்றே செய்திருந்தால் அயோக்கியன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். ஆனால் நீ என் கடிதத்தைப் படித்து, இவளுக்குப் பெயர் வேண்டுமாம் என்று நினைத்து, பேனாவை எடுத்து, அந்த இடத்தில் என் பெயரை எழுதி, ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று காபி குடிக்கப் போயிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாகிறது.

எதிரிகளுக்குக் கொண்டாட்டம் என்கிறாய். எந்த எதிரி? போலீசுக்கு அன்றே உண்மை தெரியும், அவன்தானே கதவைப் பிளந்தவன். உண்மை தெரியாமல் இருப்பது நம் ஆட்களுக்கு மட்டும்தான். நம் பத்திரிகையில் நாம் பொய் எழுதுவதில்லை என்று வியாழக்கிழமை தோறும் மீன்காரிகளிடம் சொல்லி விற்கிறேனே, நான் என்ன பைத்தியமா?

இன்று காலை அபீலியுவின் அச்சகத்துக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகை, சாவு அறிவிப்பு அடிக்கிற சின்னக் கடை. கொஞ்சம் எழுத்துப் பெட்டியைத் தா என்றேன். "உங்களுக்கு அச்சு வேலை தெரியுமாம்மா" என்று சிரித்தார். பெட்டியில் கை வைத்தேன். பத்தொன்பது வருஷம் ஆகியும் விரலுக்கு இடம் தெரிந்திருந்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். புத்தகத்தில் ஒட்டுகிற பிழைதிருத்தச் சீட்டு ஒன்றைக் கோத்தேன். மூன்று வரி:

"பிழை திருத்தம். பக்கம் 112, வரி 9. 'தோழர் எர்மெலிந்தா எட்டிப் பார்க்காமல் கதவைத் திறந்த அஜாக்கிரதையால்' என்று இருப்பதை 'என் அஜாக்கிரதையால்' என்று வாசிக்கவும்."

அதற்குக் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். மூவாயிரம் அடித்தேன். நீ போட்டிருக்கிற பிரதிகள் அவ்வளவுதான் என்று பாசிலியு சொன்னார். உன் கையெழுத்தை என்னால் அச்சு அசலாகப் போட முடியும், கள்ளப் பெயரில் எத்தனை காகிதம் உனக்காகப் போட்டிருக்கிறேன். போட மாட்டேன். உன்னைப் போல வேலை செய்ய எனக்கு வராது. பாசிலியு சீட்டைப் பார்த்துவிட்டு, "கட்சிப் புத்தகத்துல நீங்க கை வைக்கக் கூடாது தோழர்" என்றார். "முப்பத்தஞ்சு கிலோ ஈயத்தைக் கிணத்துல போட்ட கை இது, கட்சிக்காகத்தான் போட்டுது" என்றேன். அவர் பாவம், சின்ன வயது. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூவாயிரத்தையும் மூட்டையாகத் தைத்து உனக்கு அனுப்பி, விழாவுக்குள் ஒவ்வொன்றாக ஒட்டு என்று எழுதத்தான் கடிதத்தை ஆரம்பித்தேன். இந்தப் பக்கம் வரைக்கும் அந்த எண்ணத்தோடுதான் எழுதினேன்.

நடுவில் எழுந்து போக வேண்டியதாகிவிட்டது. எதிர் ஓட்டலிலிருந்து வந்து கூப்பிட்டார்கள், எனக்குப் போன் என்று. எனக்கு யார் போன் பண்ணப்போகிறார்கள், தப்பாகக் கூப்பிட்டிருப்பார்கள் என்று ஏப்ரனோடு போனேன். நத்தேர்சியா. இரண்டு வருஷத்தில் முதல் தடவை. "அம்மா, புஸ்தகத்துல உன் பேர் வருதாமே, அப்பா சொன்னார்" என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நான் இன்னும் பாக்கல. விழாவுல மேடைல வெச்சு முதல் பிரதி எனக்குத்தான் தர்றாராம். வாங்கிப் படிச்சிட்டு அன்னைக்கே செத்தூபல் பஸ் ஏறிடறேன். ஆட்டுக்கறி வெச்சிடாத, அன்னைக்கு மாதிரி சண்டையாயிடும், மத்தி சுட்டுக் குடு போதும்" என்றாள்.

சரிம்மா, வா என்றேன். போனை வைத்த பிறகும் ஓட்டல்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

அவளிடம் என்ன சொன்னாய் நீ? எந்த வரியில் பெயர் வருகிறது என்று சொல்லவில்லையா? பத்தாயிரம் பேர் பார்க்க அவள் அந்தப் பக்கத்தைப் பிரிப்பாள். தேடிப் பிரிப்பாள், ஜெர்வாசியு. அவளுக்கு அம்மாவின் பெயரைப் பார்க்க வேண்டும். நேரே நீ கொடுத்த புத்தகத்தில், உன் பக்கத்தில் நின்றுகொண்டு, அதைப் படிப்பாள். அதற்குப் பிறகு அவள் எந்த பஸ்ஸும் ஏற மாட்டாள். இனி ஒருநாளும் ஏற மாட்டாள்.

அதனால் நான் கேட்பதைக் குறைத்துக்கொள்கிறேன். இவ்வளவு கோபத்தோடு இருப்பவள் குறைத்துக்கொள்கிறேன் என்பதை நீ கவனிக்க வேண்டும். மூவாயிரம் சீட்டையும் நான் அனுப்பவில்லை. அடுப்புக்குப் போகும். அச்சுத் தாளை எரிக்க எனக்குப் பழக்கம்தான். என் ஐம்பது புத்தகத்தையும் அப்படியே விற்றுத் தருகிறேன். என் தொழிற்சாலை வாசலில் நின்று, என்னை அஜாக்கிரதைக்காரி என்று சொல்கிற புத்தகத்தை நானே கூவி விற்கிறேன். ஊர் படிக்கட்டும். கட்சி படிக்கட்டும். இரண்டாம் பதிப்பும் உனக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

இந்த உறைக்குள் ஒரே ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு, நத்தேர்சியாவுக்குக் கொடுக்கிற அந்த ஒரு பிரதியில் மட்டும் 112-ஆம் பக்கத்தில் ஒட்டு. மேடையில் நீ ஒன்றும் பேச வேண்டாம். விழா பதினொன்றாம் தேதி. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

மாத்திரையை வேளை தவறாமல் போடு. படி ஏறாதே, யாரோடும் வாக்குவாதம் பண்ணாதே. கையெழுத்துப் போடுகிற வரைக்குமாவது நீ உயிரோடு இருக்க வேண்டும்.

எர்மெலிந்தா